பெயரில்லா எழுத்தாளர்களும் பெயர்போன 'சுதந்திர'மும்

"கலைஞனுக்கு அரசியல் எதற்கு? அவன் பாட்டுக்குப் படம் எடுக்கட்டும், கதை எழுதட்டும், காசு சம்பாதிக்கட்டும். திறமை உள்ளவனை எந்த முதலாளியும் கைவிட மாட்டான்!"

முதலாளித்துவப் பத்திரிகைகள் ஓயாமல் ஓதிவரும் வேதம் இது. ஷிப்டு முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் நம் தோழர்களில் சிலரும் இதைத் திருப்பிச் சொல்வதைக் கேட்கிறோம். இந்த வேதத்தை ஓதுகிறவர்கள் உதாரணத்துக்கு எப்போதும் அமெரிக்காவைத்தான் காட்டுவார்கள். அங்கேதான் கருத்துச் சுதந்திரம் கரைபுரண்டு ஓடுகிறதாம். அங்கேதான் திறமைக்கு மட்டும் மரியாதையாம்.

சரி, அமெரிக்காவுக்கே போவோம். அங்கே ஹன்னா வைன்ஸ்டீன் என்று ஒரு பெண்மணி இருந்தார். சினிமாவும் டெலிவிஷன் படங்களும் தயாரித்தவர். எந்தப் பெரிய ஸ்டூடியோவின் படியிலும் நின்று கும்பிடு போடாமல் சொந்தமாகத் தொழில் நடத்தியவர். அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் போதும், இந்த வேதத்தின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

யார் இந்த ஹன்னா?

1911இல் நியூயார்க்கில் பிறந்தவர். பத்திரிகைத் தொழிலில் இருந்தவர். பிறகு அரசியல் பிரசார வேலைக்கு வந்தார். எழுத்தாளர், நடிகர், விஞ்ஞானி ஆகியோரை ஒன்றுசேர்த்து முற்போக்கு ஸ்தாபனங்களை அமைத்தார். 1948 ஜனாதிபதித் தேர்தலில் ஹென்றி வாலஸுக்காகப் பாடுபட்டார். வாலஸ் யார்? ரூஸ்வெல்ட்டின் கீழ் உபஜனாதிபதியாக இருந்தவர். சோவியத் யூனியனுடன் பனிப்போர் வேண்டாம், சமாதானம் வேண்டும் என்றார். வெள்ளையருக்கு ஒரு பெஞ்சு, கறுப்பருக்கு ஒரு பெஞ்சு என்ற அநீதி ஒழிய வேண்டும் என்றார். தேர்தலில் அவர் தோற்றார். அவரோடு நின்றவர்கள் தலைமீது கத்தி தொங்க ஆரம்பித்தது.

சோற்றில் மண் போட்ட பட்டியல்

அந்தக் கத்தி 1947லேயே தீட்டப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கமிட்டி ஒன்று ஹாலிவுட் சினிமாக்காரர்களை வாஷிங்டனுக்கு அழைத்தது. 'அமெரிக்க விரோத நடவடிக்கைகளை' விசாரிக்கிற கமிட்டியாம்! "நீ கம்யூனிஸ்டுக் கட்சி உறுப்பினனா? எப்போதாவது இருந்தாயா?" என்று கேட்டது. 10 பேர் பதில் சொல்ல மறுத்தார்கள். என் அரசியலைக் கேட்க உனக்கு அதிகாரம் இல்லை, இந்த நாட்டின் அரசியல் சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று வாதாடினார்கள். நாடாளுமன்றத்தை அவமதித்தார்கள் என்று அவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள்.

அடுத்த மாதமே ஸ்டூடியோ முதலாளிகள் நியூயார்க்கில் ஒரு பெரிய ஓட்டலில் கூடினார்கள். இந்த 10 பேருக்கும் வேலை கிடையாது, தெரிந்தே எந்தக் கம்யூனிஸ்டுக்கும் வேலை கொடுக்கமாட்டோம் என்று முடிவு செய்தார்கள். அன்றாடம் ஒருவரை ஒருவர் கழுத்தறுக்கும் போட்டி முதலாளிகள், தொழிலாளியின் வாயில் மண் போடுவதற்கு மட்டும் ஒரே நாளில் ஒற்றுமைப்பட்டார்கள்! இதற்கு விளக்கம் வேண்டுமா? சம்பளத்தைக் குறைப்பதென்றால் மில் முதலாளிகள் சங்கம் எவ்வளவு வேகமாகக் கூடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அந்த 10 பேரில் ஒருவர் ரிங் லார்ட்னர். 1942இல் வெளிவந்த ஒரு படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர். ஹாலிவுட்டில் அதிகச் சம்பளம் வாங்கிய எழுத்தாளர்களில் ஒருவர். திறமைக்குக் குறைவா? இல்லை. எந்த முதலாளி கைகொடுத்தான்? ஒருவனும் இல்லை! 1950இல் அவர் டான்பரி சிறைக்குப் போனார்.

அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. அவரை விசாரித்த கமிட்டியின் தலைவர் பார்னெல் தாமஸும் அதே சிறையில் கைதியாக இருந்தார்! என்ன குற்றம்? வேலையே செய்யாதவர்களின் பெயரைத் தன் ஆபீஸ் சம்பளப் பட்டியலில் எழுதி, சர்க்கார் கொடுத்த சம்பளத்தைத் தன் பையில் போட்டுக்கொண்ட குற்றம். தேசபக்தியைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்தவரின் யோக்கியதை இது. கொள்கைக்காக ஒருவர் கம்பி எண்ணினார், கொள்ளைக்காக மற்றொருவர் கம்பி எண்ணினார். இதில் யார் தேச விரோதி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

சினிமாவோடு நிற்கவில்லை. 1950இல் ரேடியோ, டெலிவிஷன் கலைஞர்கள் 151 பேரின் பெயரைப் போட்டு ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். வெளியிட்டவர்கள் உளவுப் போலீசில் வேலை பார்த்தவர்கள். அதே ஆண்டு டிசம்பரில் சிபிஎஸ் என்னும் பெரிய ஒலிபரப்புக் கம்பெனி, தன் ஊழியர்கள் எல்லோரும் விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கட்டளையிட்டது. இந்தக் கம்பெனியின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரப்போகிறது.

காட்டுக்குள் போன கூட்டம்

1950இல் ஹன்னா தன் மூன்று பெண் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அமெரிக்காவை விட்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். பிறகு லண்டனில் தங்கி ஸஃபையர் பிலிம்ஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். சினிமாத் தொழிலில் பெண் என்றால் திரைக்கு முன்னால் நடிக்கத்தான் என்று ஆண்கள் தீர்ப்பு எழுதி வைத்திருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பெண், அந்நிய நாட்டில், தானே முதலைத் திரட்டி, தானே ஸ்டூடியோ அமர்த்தி, தானே படம் எடுக்கத் துணிந்தார்.

1955 செப்டம்பரில் பிரிட்டனில் விளம்பர வருமானத்தில் நடக்கும் டெலிவிஷன் ஆரம்பமானது. அந்த முதல் வாரத்திலேயே ஹன்னாவின் 'ராபின் ஹூட்' தொடர் ஒளிபரப்பாயிற்று. ராபின் ஹூட் யார்? இங்கிலாந்து ஜனங்கள் நூற்றாண்டுகளாகப் பாடிவரும் நாட்டுக் கதையின் நாயகன். பிரபுக்களும் மடாதிபதிகளும் வரி என்றும் வாரம் என்றும் குடியானவனைக் கசக்கிப் பிழிகிறார்கள். தட்டிக்கேட்ட வில்லாளி காட்டுக்குள் போகிறான். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கிறான். சட்டம் அவனைத் திருடன் என்கிறது. ஜனங்கள் அவனைத் தலைவன் என்கிறார்கள்.

இந்தக் கதையை எழுதியவர்கள் யார்? சிறையிலிருந்து வெளியே வந்த ரிங் லார்ட்னர்! அவருடைய கூட்டாளி இயான் மக்லெல்லன் ஹண்டர்! வால்டோ சால்ட்! எல்லோரும் பட்டியலில் பெயர் ஏறியவர்கள். அவர்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. கம்யூனிஸ்டு என்ற சந்தேகத்தின்மேல் பாஸ்போர்ட் மறுப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1958இல்தான். ஆகவே நியூயார்க்கில் உட்கார்ந்து கதை எழுதித் தபாலில் லண்டனுக்கு அனுப்பினார்கள். படத்தில் பொய்ப் பெயர் போட்டார்கள். ஒரே பொய்ப் பெயரைத் தொடர்ந்து போட்டால், "யார் இந்தக் கெட்டிக்கார எழுத்தாளர்? கூப்பிடுங்கள், பார்க்கலாம்!" என்று யாராவது கேட்டுவிடுவார்களே! அதனால் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டார்கள். நன்றாக எழுதினால் மாட்டிக்கொள்ளலாம் என்று எழுத்தாளன் பயந்த நாடு, திறமைக்கு மரியாதை கொடுக்கிற நாடாம்!

நான்கு வருஷத்தில் 143 படங்கள். வெறும் கத்திச் சண்டை என்று நினைக்காதீர்கள். ஷெரீப்பின் ஒற்றர்கள் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுத்தால் உனக்கு விடுதலை என்று ஆசை காட்டுகிறார்கள். நிலத்தை விட்டுக் குடியானவனை விரட்டுகிறார்கள். கமிட்டிக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனவர் எழுதிய கதையில், காட்டிக்கொடுக்கிறவன் எப்படி வருவான், காட்டிக்கொடுக்க மறுக்கிறவன் எப்படி வருவான் என்று சொல்ல வேண்டுமா?

பச்சை இறகுக்குப் பயந்தவர்கள்

எதிரி இதை உணராதவன் இல்லை. 1953இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பாடநூல் கமிட்டி உறுப்பினர் ஒருவர் எழுந்தார். ராபின் ஹூட் கதையைப் பள்ளிக்கூடப் புத்தகங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றார். காரணம்? பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுப்பது கம்யூனிஸ்டுப் பிரசாரமாம்! கார்ல் மார்க்ஸ் பிறப்பதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்னால் பாட்டிமார்கள் சொன்ன கதைக்கும் சிவப்புச் சாயம் பூசினார்கள்! மறு ஆண்டு அந்த மாநிலத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் கோழி இறகுகளுக்குப் பச்சைச் சாயம் தோய்த்து எல்லோருக்கும் வழங்கி எதிர்ப்புக் காட்டினார்கள். ராபின் ஹூட் தொப்பியில் செருகும் இறகு அது. உலகத்தையே அணுகுண்டால் மிரட்டிய வல்லரசுக்குக் கோழி இறகைக் கண்டு நடுக்கம்!

இது யார் கொடுத்த சுதந்திரம்?

இப்போது சிபிஎஸ் கம்பெனிக்கு வருவோம். விசுவாசப் பத்திரம் கேட்ட அதே கம்பெனி. இந்த 'ராபின் ஹூட்' தொடரை விலைக்கு வாங்கி அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பியது யார் தெரியுமா? அதே சிபிஎஸ்! பிரிட்டனில் ஆரம்பமான மறுநாளே அமெரிக்காவிலும் ஆரம்பமாயிற்று. பிளாஸ்திரி கம்பெனியும் தலைக்கிரீம் கம்பெனியும் விளம்பரம் கொடுத்தன. எந்த எழுத்தாளனை வாசலில் நிறுத்தி விரட்டினார்களோ, அவனுடைய எழுத்தைக் கொல்லைப்புற வழியாக வாங்கி விற்றுக் காசு பார்த்தார்கள்!

இதைக் காட்டி முதலாளித்துவ எழுத்தாளர்கள் என்ன சொல்கிறார்கள்? "பார்த்தீர்களா, சந்தையின் மகிமையை! சர்க்கார் வேலை மறுத்தாலும் சந்தை வேலை கொடுத்தது. முதலாளித்துவத்தில்தான் கம்யூனிஸ்டுக்கும் கஞ்சி கிடைக்கும்" என்கிறார்கள்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்! பட்டியல் போட்டது யார்? சர்க்கார் மட்டுமா? 1947 நவம்பர் முடிவை எந்தச் சட்டம் போடச் சொன்னது? எந்தச் சட்டமும் இல்லை. முதலாளிகள் தாங்களாகக் கூடிப் போட்ட முடிவு அது. டெலிவிஷன் கம்பெனிகளை மிரட்டியது யார்? பட்டியலில் உள்ள நடிகனை வைத்தால் உன் சரக்கை யாரும் வாங்கமாட்டார்கள் என்று விளம்பரதாரரை அச்சுறுத்திய வியாபாரிகள். எந்தச் சந்தையின் மகிமையைப் பாடுகிறார்களோ, அந்தச் சந்தைதான் எழுத்தாளனின் கழுத்தில் கயிறு போட்டது.

கயிற்றைப் போட்ட பிறகு கஞ்சி ஊற்றியது உண்மைதான். எப்படிப்பட்ட கஞ்சி? லார்ட்னர் போன்றவர்கள் முன்பு வாங்கியதில் ஒரு சிறு பங்குதான் கூலி. பெயர் கிடையாது. பேரம் பேச வழி கிடையாது. "அதிகம் கேட்டால் உன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவேன்" என்று எவன் மிரட்டினாலும் வாயைத் திறக்க முடியாது. தோழர்களே, பதிலியாக வேலை செய்கிறவருக்கு இது புரியும். மஸ்டர் ரோலில் பெயர் இல்லை, கை மட்டும் வேண்டும். கள்ளத்தனமாக வாங்கும் உழைப்பு மலிவான உழைப்பு. வேட்டையாடப்பட்டவனைவிட மலிவான கூலியாள் முதலாளிக்கு எங்கே கிடைப்பான்? பட்டியலில் இருந்த மற்றொரு எழுத்தாளர் டால்டன் டிரம்போ. 1953இல் வெளிவந்த, அவர் எழுதிய 'ரோமன் ஹாலிடே' படத்தின் கதைக்கு ஆஸ்கார் கிடைத்தது. படத்தில் பெயர் போட்டிருந்தது அவருடைய நண்பர் ஹண்டர். டிரம்போவின் பெயருக்கு அந்தப் பரிசு 1993இல் வந்தது. அவர் 1976லேயே இறந்துவிட்டார்! இதுதான் சந்தை கொடுத்த நீதி.

ஹன்னா இந்தச் சந்தைக்குள் புகுந்து தன் தோழர்களுக்குச் சோறு போட்டார். அது அவருடைய தைரியம். சந்தையின் தயவு அல்ல. பிடிபட்டிருந்தால் அமெரிக்கச் சந்தை மூடியிருக்கும், தொடர் நின்றிருக்கும், போட்ட முதல் அத்தனையும் போயிருக்கும். அதைத் தெரிந்தே செய்தார். ஒரு நாளும் வெளியே மூச்சு விடவில்லை.

சங்கத்தின் தலையில் யார்?

இந்தக் கதையில் நாம் எரிச்சலோடு கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. முதலாளி பெயரை வெட்டியபோது தொழிற்சங்கங்கள் எங்கே போயின?

எழுத்தாளர் சங்கம் இருந்தது. 1952இல் ஹோவர்டு ஹியூஸ் என்ற கோடீஸ்வரர் பால் ஜாரிகோ என்ற எழுத்தாளரின் பெயரைப் படத்திலிருந்து வெட்டினார். சங்கம் முதலில் கோர்ட்டுக்குப் போனது. பிறகு சறுக்கியது. கமிட்டிக்கு ஒத்துழைக்காதவர்களின் பெயரைப் படத்தில் போடாமல் விட்டுவிடலாம் என்று முதலாளிகளுக்குச் சம்மதம் கொடுத்தது! சந்தா கொடுத்த உறுப்பினனின் பெயரை வெட்டுவதற்குச் சங்கமே கத்தி எடுத்துக் கொடுத்தது!

நடிகர் சங்கம் இருந்தது. 1947இல் அதன் தலைவர் யார்? ரொனால்டு ரீகன். அதே கமிட்டியின் முன்னால் போய் நல்ல பிள்ளையாகச் சாட்சி சொன்னவர். 1953இல் அந்தச் சங்கம், புதிதாகச் சேருகிறவர்கள் கம்யூனிஸ்டு அல்ல என்று சத்தியம் செய்ய வேண்டும் என்று விதி போட்டது. இந்த ரீகன் பிறகு எங்கே போனார்? அமெரிக்க ஜனாதிபதி ஆனார். 1981 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 11,000 பேருக்குமேல் ஒரே அடியாக வேலையிலிருந்து நீக்கினார். மத்திய சர்க்காரின் அந்த வேலைக்கு அவர்கள் திரும்பவே கூடாது என்று தடையும் போட்டார். அந்தத் தடை 1993இல்தான் நீங்கியது. கம்யூனிஸ்டை வேட்டையாடக் கற்றுக்கொண்ட கை எங்கே போய் நின்றது, பார்த்தீர்களா? அந்த ஊழியர்கள் கம்யூனிஸ்டுகளா? இல்லை. 1980 தேர்தலில் அவர்கள் சங்கம் ஆதரித்தது ரீகனைத்தான்!

"கம்யூனிஸ்டைத்தானே வெட்டுகிறார்கள், நமக்கென்ன?" என்று ஒதுங்கி நிற்கும் சங்கத் தலைவர்கள் இதைப் படிக்கட்டும். முதல் வெட்டு சிவப்புக் கொடிக்காரனுக்கு. அடுத்த வெட்டு, கொடியே பிடிக்காதவனுக்கும் விழும்.

"குழந்தைகள் படம்தானே?"

நம் பக்கத்திலும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "ராபின் ஹூட் எடுத்தால் புரட்சி வந்துவிடுமா? அவரும் ஒரு கம்பெனி முதலாளிதானே? லியூ கிரேடு என்ற பெருவியாபாரியின் விநியோகத்தில்தானே படம் ஓடியது?" என்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. பதிலும் நேராகச் சொல்ல வேண்டும். ராபின் ஹூட் புரட்சி செய்யவில்லை. தனி ஒருவர் கெட்டிக்காரத்தனத்தால் சில குடும்பங்களுக்குச் சோறு போடலாம், பட்டியலை ஒழிக்க முடியாது. ஹன்னாவின் கம்பெனியே 1960களின் ஆரம்பத்தில் நொடித்துப்போயிற்று. சிறு முதலைப் பெரு முதல் விழுங்கும் உலகத்தில் தனித்து நின்ற தயாரிப்பாளர் எத்தனை நாள் தாங்குவார்? 1962இல் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பினார். இதுதான் அவர் வழியின் எல்லை.

ஆனால் வீட்டுக்குள்ளேயே வந்து பேசும் டெலிவிஷனை அற்பம் என்று ஒதுக்குகிறவர் எதிரியைவிடக் குறைவாகச் சிந்திக்கிறார். எதிரி கோழி இறகையும் விட்டுவைக்கவில்லையே! அநியாய வரியும் காட்டிக்கொடுக்கும் ஒற்றனும் கெட்டவை என்று லட்சக்கணக்கான குழந்தைகள் கைதட்டிக் கற்றுக்கொண்டது சின்ன விஷயமா?

ஹார்லெம் தாய்

திரும்பிப் போன ஹன்னா அத்தோடு ஓயவில்லை. 1971இல் ஆஸி டேவிஸ், ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், ரீட்டா மொரேனோ, டயானா சாண்ட்ஸ் போன்ற கலைஞர்களோடு சேர்ந்து 'தேர்டு வேர்ல்டு சினிமா' என்ற ஸ்தாபனத்தை அமைத்தார். 'மூன்றாம் உலக சினிமா' என்று அர்த்தம். காமிரா, ஒலிப்பதிவு, எடிட்டிங் வேலைகளில் கறுப்பர்களுக்கும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கும் அதுவரை பெரும்பாலும் கதவு மூடியே இருந்தது. முதலாளி மட்டும் மூடவில்லை, அப்பனுக்குப் பிறகு மகன் என்று நடந்துவந்த சில தொழிற்சங்கக் கிளைகளும் மூடி வைத்திருந்தன. அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து வேலையும் கொடுப்பது இந்த ஸ்தாபனத்தின் நோக்கம்.

1974இல் வந்த 'கிளாடின்' அதன் முதல் படம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஆறு குழந்தைகளோடு தனியே வாழும் ஒரு கறுப்புத் தாயின் கதை. சர்க்கார் கொடுக்கும் உதவிப் பணம் போதாது. பணக்காரர் வீட்டில் ஒளிந்து வேலை செய்கிறாள். தெரிந்தால் உதவியில் வெட்டு. குப்பை அள்ளும் தொழிலாளி ஒருவர் அவளை நேசிக்கிறார். அவர் ஒரு பொருள் வாங்கிக் கொடுத்தாலும் அதற்கும் வெட்டு. அதிகாரி சோதனைக்கு வரும்போதெல்லாம் வீட்டுச் சாமான்களை ஒளித்து வைக்க வேண்டும். 'ஏழை சோம்பேறி' என்று திட்டுகிற சர்க்கார், ஏழை உழைத்தால் தண்டனை கொடுக்கிறது! படத்தை டைரக்ட் செய்தவர் ஜான் பெர்ரி. அவரும் பட்டியலால் நாட்டை விட்டு ஓடிப் பிரான்சில் பிழைத்தவர்தான். ஹன்னா தன் பழைய தோழர்களை மறக்கவில்லை. கதாநாயகி டயான் கரோலின் பெயர் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது.

1980இல் சிட்னி பாய்ட்டியர் டைரக்ட் செய்த 'ஸ்டிர் கிரேஸி' 10 கோடி டாலருக்குமேல் வசூலித்தது. திறமையில்லாததாலா இவர்களை விரட்டினார்கள்? 1984இல் ஹன்னா காலமானார்.

நமக்குள்ள வேலை

தோழர்களே! தூர தேசத்துச் சினிமாக்காரியின் கதை பஞ்சாலைத் தொழிலாளிக்கும் பண்ணைக் கூலிக்கும் எதற்கு? கறுப்புப் பட்டியல் சினிமாவில் பிறந்தது அல்ல. கொடி பிடித்தவனை ஒரு மில்லில் நீக்கினால் அடுத்த மில்லிலும் கேட்டுக்கு வெளியே நிறுத்துவது உங்களுக்குத் தெரியும். கூலி உயர்வு கேட்டவனை எந்தக் களத்திலும் சேர்க்காதே என்று ஊருக்குள் ரகசியக் கட்டளை போவதும் தெரியும். முதலாளியின் பட்டியலுக்கு மொழி கிடையாது, தேசம் கிடையாது.

அமெரிக்க எழுத்தாளர்களுக்குப் பட்டியலிலிருந்து தப்ப ஒரு ஹன்னா கிடைத்தார். சங்கம் சங்கமாக நின்றிருந்தால் அவர்கள் ஒளிந்து எழுதவே நேர்ந்திருக்காது. வெட்டப்பட்ட பெயர்களை எழுத்தாளர் சங்கம் திரும்ப எழுத ஆரம்பித்தது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. அதற்குள் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

நாளை உங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு தோழரின் பெயர் வெட்டப்பட்டால், அவர் எந்தக் கட்சி, எந்தக் கொடி என்று விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைய ஷிப்டிலேயே கேளுங்கள், "ஏன் வெட்டினாய்?" என்று. ஒருவர் கேட்டால் அவர் பெயரும் பட்டியலில் ஏறும். அத்தனை பேரும் கேட்டால் பட்டியல் கிழியும்!